வெல்லத்தை எந்த அலமாரியில் வைப்பது?

கரும்பு வெட்டும் காலத்தில் பழனியை அடுத்த நெய்க்காரப்பட்டிப் பக்கம் சென்றால், காற்றிலேயே பாகு மணக்கும். அகன்ற கொப்பரையில் கருப்பஞ்சாறு கொதிக்கும். நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் கொதிநிலை ஏறும். ஏறத்தாழ 118 பாகை செல்சியசை நெருங்கும்போது வெல்லப் பதம் வரும். இதைப் பற்றி ஒரு நூல் இருந்தால், நூலகர் அதை எந்த அலமாரியில் வைப்பார்?

1876இல் மெல்வில் டியூயி வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறையில் கரும்புச் சாகுபடிக்கு எண் 633, சர்க்கரைத் தயாரிப்புக்கு 664, வெப்பவியலுக்கு 536. நூலோ ஒன்றுதான். அது ஒரே சமயத்தில் மூன்று அலமாரிகளில் நிற்க முடியாதல்லவா?

அரங்கநாதன் கண்ட வழி

இச்சிக்கலை ஆழ்ந்து ஆராய்ந்தவர் நம் நாட்டவர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். இலண்டன் கடை ஒன்றில், துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் பல உருவங்கள் செய்யும் 'மெக்கானோ' விளையாட்டுப் பொருளைக் கண்டார். ஒரு நூலின் பொருளையும் அவ்வாறே சிறு கூறுகளாகப் பிரித்துக் கோக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை அதன் விளைவாகும். கரும்பு, காய்ச்சுதல், இடம், காலம் என்று தனித்தனிக் கூறுகள். அவற்றை இணைக்க ஒரு முக்காற்புள்ளி.

ஆயினும் நூல் நிற்கும் இடம் ஒன்றுதான். இணையப் பக்கத்துக்கு அந்தத் தடை இல்லை. அதன் முகவரியை எத்தனை பெயர்களின் கீழும் எழுதி வைக்கலாம்.

குறிச்சொல் என்பது யாது?

2003இல் அமெரிக்காவில் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய 'டெலிஷியஸ்' என்னும் இணையதளம் இதைத்தான் செய்தது. பயனுள்ள பக்கத்தின் முகவரியைச் சேமிக்கும்போது, உங்களுக்குத் தோன்றும் சில சொற்களையும் உடன் எழுதலாம். இவையே குறிச்சொற்கள். அதே சொல்லின் கீழ் பிறர் சேமித்தவையும் உங்களுக்குத் தெரியும். இதனைக் கூட்டுப் பக்கக்குறி எனலாம்.

இதன் வலிமை கணங்களின் வெட்டில் இருக்கிறது. 'வெல்லம்' என்ற கணமும் 'கொதிநிலை' என்ற கணமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நமக்கு வேண்டிய சில பக்கங்கள் மட்டும் நிற்கும். பத்தே குறிச்சொற்கள் இருந்தாலும், இரண்டிரண்டாகச் சேர்க்க 45 வழிகள், மும்மூன்றாகச் சேர்க்க 120 வழிகள் உண்டு. எந்த அலமாரியாலும் இது இயலாது.

சொல்லில் உள்ள சிக்கல்

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். மாணவர்களுக்காக நல்ல இயற்பியல் பக்கங்களின் முகவரிகளைத் தொகுத்து ஒரு நீண்ட பட்டியல் கொடுத்தேன். நெய்க்காரப்பட்டியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, வெல்லம் காய்ச்சுவதைப் பற்றிச் செயல்திட்டம் எழுதினாள். அவளுக்கு வேண்டிய பக்கம் அதே பட்டியலில் 'வெப்பவியல்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அவள் தேடியதோ 'வெல்லம்'. கட்டுரையைக் கொடுத்த பிறகே இருவரும் அதைக் கண்டோம். தவறு அவளுடையதன்று, ஒரே பெயர் வைத்த என்னுடையது.

பல பெயர்கள் வைத்தால் மட்டும் போதுமா? ஒருவர் 'சூரியன்' என்பார், மற்றவர் 'கதிரவன்' என்பார், இன்னொருவர் 'ஞாயிறு' என்பார். கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன; ஆனால் மூன்று பேர் மூன்று சொல்லில் குறித்தால் அவை மூன்று மூலைகளில் கிடக்கும். 'சர்க்கரை' என்று தேடினால் வெல்லத்தூளும் வரும், வெள்ளைச் சீனியும் வரும், நீரிழிவு நோயும் வரும்!

எனவே நூலகமோ வகுப்போ கூடி, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று சிறு பட்டியல் வகுத்துக்கொள்ள வேண்டும். பொருள், செயல், இடம், காலம் என்னும் கூறுகளில் ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தால் போதும். அரங்கநாதனின் வழி இங்கும் கைகொடுக்கிறது. பொதுவழக்குச் சொல் ஒன்றும், பாடநூற் சொல் ஒன்றும் தவறாமல் இடம்பெறட்டும்.

ஓர் எச்சரிக்கை

டெலிஷியசை 2005இல் யாகூ வாங்கியது. பின்னர் அது பல கைகள் மாறி, 2017இல் புதிய இணைப்புகளை ஏற்பதை நிறுத்திவிட்டது. ஆகவே தொகுப்பு எந்தத் தளத்தில் இருந்தாலும், அதன் படியொன்றை உங்கள் கணினியில் வைத்திருங்கள். 2006இல் வெளிவந்த 'ஸொட்டேரோ' என்னும் இலவச மென்பொருளில் குறிச்சொற்களும் உண்டு, குழுவாகச் சேர்ந்து தொகுக்கும் வசதியும் உண்டு.

இப்போது எங்கள் வகுப்புத் தொகுப்பில் அந்தப் பக்கத்துக்கு நான்கு குறிச்சொற்கள்: வெப்பவியல், கொதிநிலை, கரும்பு, வெல்லம். கடைசிச் சொல்லைச் சேர்த்தவள் அம்மாணவியே. அடுத்து வருபவர் எந்தச் சொல்லோடு தேடி வருவார் என்று எண்ணிப் பார்த்துப் பெயரிடுங்கள். உங்கள் ஊர் நூலகத்துக்கு நீங்கள் செய்யும் நல்ல தொண்டு அதுவாகும்.