போர்த்தும் கைகள்

நுழையும்முன்

நோயைத் தீர்ப்பது மருந்து. நோயுற்றவரைத் தாங்குவது அன்பு. அந்த அன்பு சில வேளைகளில் ஒரு போர்வையின் வடிவில் வந்து சேர்கிறது. புற்றுநோயாளிகளுக்காகத் தம் கையால் போர்வை செய்து அளிப்போரின் பணியையும், அப்பணிக்குப் பின்னுள்ள அறிவியலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பேகனும் மயிலும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவன் பேகன். மயில் ஒன்று குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு வழங்கியவன் என்று நம் இலக்கியங்கள் அவனைப் போற்றுகின்றன. மயிலுக்குப் போர்வை பயன்படுமா என்று அவன் ஆராயவில்லை. இவ்வாறு ஆராயாது வழங்கும் இயல்பைக் 'கொடைமடம்' என்று சான்றோர் குறித்தனர். அச்சொல் இகழ்ச்சியன்று, அருளின் மிகுதியைக் காட்டும் புகழ்ச்சியே ஆகும்.

எனினும், பெறுபவர் நோயாளியாக இருக்கும்போது அருள் மட்டும் போதுவதில்லை. அவருக்கு எது நலம், எது தீங்கு என்ற அறிவும் உடன் வேண்டும். இவ்வுண்மையை அமெரிக்க நாட்டில் நடைபெற்றுவரும் ஒரு போர்வைப் பணி தெளிவாக உணர்த்துகிறது.

ஒரு செய்தியிலிருந்து ஓர் இயக்கம்

1995ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், அமெரிக்காவின் 'பரேட்' என்னும் இதழில் குழந்தைகளைப் பற்றிய படக்கட்டுரை ஒன்று வெளிவந்தது. இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியும் அதில் இடம்பெற்றிருந்தாள். ஈராண்டுகளுக்கும் மேலாக நீண்ட கடுமையான சிகிச்சையைத் தாங்கிக்கொள்ளத் தன் போர்வையே துணையாக இருந்தது என்று அவள் கூறியிருந்தாள்.

அதனைப் படித்தவர்களுள் கேரன் லௌக்ஸ் என்னும் பெண்மணியும் ஒருவர். கொலராடோ மாநிலத்தில் வாழ்ந்த அவர், டென்வர் நகரிலிருந்த குழந்தைகள் புற்றுநோய் மருத்துவ மையத்திற்குக் கைவினைப் போர்வைகளை அளிக்க முடிவு செய்தார். அம்முயற்சியே 'புராஜெக்ட் லைனஸ்' என்னும் தொண்டு அமைப்பாக வளர்ந்தது. சார்லஸ் ஷுல்ஸ் 1950இல் தொடங்கிய 'பீனட்ஸ்' என்னும் கேலிச்சித்திரத் தொடரில், எங்குச் சென்றாலும் தன் போர்வையை விடாது பற்றியிருக்கும் சிறுவனின் பெயர் லைனஸ். அப்பெயரே அமைப்பிற்கும் சூட்டப்பட்டது.

இன்று அந்நாட்டின் பல மாநிலங்களில் இவ்வமைப்பின் கிளைகள் இயங்குகின்றன. புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு மட்டுமன்றி, விபத்தாலும் பிற துயரங்களாலும் வருந்தும் குழந்தைகளுக்கும் இலட்சக்கணக்கான போர்வைகள் சென்றடைந்துள்ளன. பெரியோர் ஊசிகொண்டு பின்னுகின்றனர். துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கின்றனர். தையல் அறியாத மாணவர்களும் இதில் பங்கேற்க வழியுண்டு. 'ஃபிளீஸ்' எனப்படும் மென்மையான துணியின் இரண்டு விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரங்களைக் குஞ்சம்போல் வெட்டி, மேலும் கீழும் உள்ள துண்டுகளை முடிச்சிட்டால் போர்வை உருவாகிவிடும்.

நோயும் குளிரும்

புற்றுநோயாளிக்குப் போர்வை ஏன் வேண்டும்? கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சையை அறிந்தால் விடை கிடைக்கும். இச்சிகிச்சைக்கான மருந்துகளுட் பல, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்கி அழிப்பவை. புற்றணுக்கள் அத்தகையன, ஆனால், எலும்பு மச்சையில் இரத்தத்தை உருவாக்கும் அணுக்களும், மயிர்க்கால்களின் அணுக்களும் அவ்வாறே விரைந்து பெருகுவன. ஆகவே மருந்து பகையை மட்டுமன்றி உறவையும் தாக்குகிறது. சிவப்பணுக்கள் குறைந்து இரத்தசோகை தோன்றுவதால் நோயாளிக்கு எளிதில் குளிர்கிறது. பசி குன்றுவதால் உடல் மெலிகிறது. முடி உதிர்ந்த தலையும் வெப்பத்தை இழக்கிறது. உடல் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பமுடைய மருந்துநீர் பல மணிநேரம் சிரை வழியே உட்செல்வதும், அறையின் குளிர்காற்றும் இதனை மிகுவிக்கின்றன. பெருங்குடல் புற்றுநோய்க்கு வழங்கப்படும் ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்தைப் பெறுவோர்க்கோ, குளிர்ந்த பொருளைத் தொட்டாலே விரல்களில் மரமரப்பும் வலியும் தோன்றலாம்.

இத்துன்பம் ஓரிரு நாளில் முடிவதும் அன்று. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் ஒருகாலத்தில் சில மாதங்களில் உயிர்பறிக்கும் நோயாக இருந்தது. பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தை அளித்ததில் 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் காணப்பட்டதை 1948இல் வெளியிட்டார். அன்று தொடங்கிய ஆய்வுகளின் பயனாக, குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகையில், மருத்துவ வசதி மிக்க நாடுகளில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். ஆனால், அந்த வெற்றிக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்வரை சிகிச்சை தேவைப்படுகிறது. விளையாட வேண்டிய பருவத்தில் ஒரு குழந்தை கடக்கவேண்டிய நெடுவழி அது.

துணியும் துணையும்

போர்வை உடற்குளிரை மட்டுமா போக்குகிறது? 1958இல் அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ தம் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு தாய் உருவங்களை அவர் அமைத்திருந்தார். ஒன்று வெறும் கம்பியால் ஆனது. மற்றொன்று மென்துணி போர்த்தது. பாற்புட்டி கம்பி உருவத்தில் இருந்தபோதும், குட்டிகள் பாலருந்தும் நேரம் தவிர மற்ற நேரத்தின் பெரும்பகுதியைத் துணி உருவத்தைத் தழுவியே கழித்தன. அச்சம் நேர்ந்தபோது அதனிடமே ஓடின. அக்குட்டிகள் பட்ட துயரை எண்ணி இவ்வாய்வைப் பிற்காலத்தவர் கண்டித்ததும் உண்டு. ஆயினும், தழுவல் என்பது உணவைப் போன்றதோர் அடிப்படைத் தேவை என்பதை அது புலப்படுத்தியது.

இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், குழந்தைகள் விடாது பற்றிக்கொள்ளும் துணி, பொம்மை போன்றவற்றை 'இடைநிலைப் பொருள்' என்னும் கருத்தால் விளக்கினார். தாயின் அணைப்பிலிருந்து வெளியுலகிற்குச் செல்லும் குழந்தைக்கு அப்பொருள் பாலமாக அமைகிறது. மருத்துவமனையில் படுக்கை, உடை, உணவு நேரம், உறங்கும் நேரம் என எல்லாவற்றையும் பிறரே முடிவு செய்கின்றனர். அங்கு 'இது என்னுடையது' என்று குழந்தை சொல்லிக்கொள்ள ஒரு பொருள் இருப்பது சிறிய செய்தியன்று.

அன்புக்கும் நெறி உண்டு

இரத்தத்தின் வெள்ளையணுக்கள் குறைந்தவரை எளிய நோய்த்தொற்றும் பெருந்தீங்கில் ஆழ்த்தும். ஆகவே, பழைய துணியில் செய்ததோ, துவைக்க இயலாததோ ஆன போர்வை, எத்துணை அன்போடு தரப்பட்டாலும் ஏற்கத்தக்கதன்று. சிகிச்சையால் குமட்டலுற்றவருக்கு நறுமணமும் துன்பம் தரும் என்பதால், வாசனைப் பொருள் தவிர்க்கப்பட வேண்டும். புகையிலைப் புகையோ வளர்ப்பு விலங்குகளின் முடியோ படிந்திருத்தல் ஆகாது. குழந்தை வாயில் இட்டுக்கொள்ளக்கூடிய பொத்தானும் மணியும் கூடா. தைத்து முடித்தபின் உள்ளே குண்டூசி தங்கியுள்ளதா என ஆராய்தல் இன்றியமையாதது.

தெரியுமா?
போர்வை புற்றுநோயைக் குணப்படுத்துவதில்லை. மருத்துவர் தரும் சிகிச்சையே நோயைத் தீர்க்கும். அச்சிகிச்சையைத் தாங்கும் மனவலிமைக்குத் துணைநிற்பதே போர்வையின் பணி.

கைகளின் பெருமை

கடையில் ஒரு போர்வையைச் சில நிமிடங்களில் வாங்கிவிடலாம். கையால் பின்னுவதற்கோ பல நாள்கள், சில வேளைகளில் வாரங்கள் ஆகின்றன. முன்பின் அறியாத ஒருவருக்காகத் தம் வாழ்நாளின் சில மணிநேரங்களை ஒருவர் ஒதுக்கியுள்ளார் என்பதே அப்போர்வையின் ஒவ்வொரு முடிச்சும் சொல்லும் செய்தி. வகுப்பறைப் பணி முடிந்தபின் இத்தகைய போர்வைகளைச் செய்தளிக்கும் ஆசிரியர்களை ஊரார் பாராட்டிச் சிறப்பிப்பதும் இதனால்தான். அவர்கள் மாணவர்க்குக் கற்பிப்பது பின்னற்கலையை மட்டுமன்று. பிறர்துயரைத் தன் துயராகக் கருதும் பண்பையும் ஆகும்.

பேகனின் உள்ளம் இன்றும் வேண்டும். அவ்வுள்ளத்தோடு, பெறுபவரின் நிலையறிந்து செயற்படும் அறிவும் சேர வேண்டும். அருளும் அறிவும் ஊடும் பாவுமாக அமைந்த கொடையே நோயுற்றோரை உண்மையில் போர்த்திக் காக்கும்.