ஓடிடி சந்தா ஏறினால்: திருச்சுழிப் பக்கத்துக் கணக்கு

சந்தா ஏறும்போதெல்லாம் "இதை விட்டுட்டு எதுக்கு மாறலாம்?" என்று சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பார்கள். இணையத்தில் இதற்குக் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் வீட்டில் பிராட்பேண்ட் இருப்பவருக்கானவை. அருப்புக்கோட்டை தாண்டி திருச்சுழிப் பக்கம் போனால் பல வீடுகளில் நெட் என்றாலே செல்போன் டேட்டாதான். அதனால் கணக்கே வேற.

தினம் 1.5 ஜிபி, 28 நாள் என்ற ஜியோ பேக் 2024 ஜூலையில் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. சாதாரண தரத்தில் படம் பார்த்தால் மணிக்கு சுமார் 0.7 ஜிபி போகும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு 1.75 ஜிபி வேணும். அதாவது சரியாக கிளைமாக்ஸில் வட்டம் சுத்த ஆரம்பிக்கும்! எச்டி என்றால் இடைவேளைகூட வராது. ஆக, சந்தாவைப் பற்றி யோசிக்கும் முன் படத்தின் தரத்தைக் குறைத்து வைக்கணும். இல்லாவிட்டால் பாதிப் படத்தை முந்தின நாளே டவுன்லோடு போட்டு வைக்கணும்.

இப்போ சந்தா. 2021 டிசம்பர் 14 அன்று ஒரு வேடிக்கை நடந்தது. அமேசான் பிரைம் ஆண்டுச் சந்தாவை 999லிருந்து 1499 ஆக ஏற்றியது. அதே நாளில் நெட்ஃபிளிக்ஸ் தன் மொபைல் திட்டத்தை 199லிருந்து 149க்கு இறக்கியது. ஒருத்தர் ஏற்றும்போது இன்னொருத்தர் இறக்குவார் என்பதால், ஒரே இடத்தில் ஆண்டுக் கணக்கில் கட்டிக் கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2023ல் பிரைமின் மாதச் சந்தா 299 ஆனது. 1499ஐ 299ஆல் வகுத்துப் பாருங்க, ஐந்து வருது. வருஷத்தில் ஐந்து மாசத்துக்கு மேல் பார்க்காதவருக்கு மாதச் சந்தாதான் லாபம். ஒரு மாசம் இது, அடுத்த மாசம் அது என்று மாற்றிக்கொள்ளலாம்.

யூடியூபில் படத்துக்குப் படம் வாடகையும் உண்டு. ஓட ஆரம்பித்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் முடிக்கணும். அந்தக் காலத்தில் தெருவே காசு போட்டு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடியறதுக்குள்ள மூணு படம் ஓட்டினதோட பேரன் இது.

மாதச் செலவே வேண்டாம் என்பவருக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கு. 2004லிருந்து ஓடுது, டிஷ்ஷும் பெட்டியும் வாங்கும் செலவு மட்டும்தான். ஆனால் அதில் இந்திச் சேனல்கள்தான் ஜாஸ்தி, தமிழை விரல் விட்டு எண்ணிவிடலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு இது போதாது. அவர்களுக்கு கேபிள்தான் சரி. 2011ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2019ல் டிராய் புது விதியில் சேனல்களுக்கு முன்பே 130 ரூபாயும் 18 சதவீத வரியும் அடிப்படைக் கட்டணமானது. அப்படியும் கேபிளில் டேட்டா தீராது.

பழைய படப் பிரியர்களுக்கு ஒரு விஷயம். நம் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 1958ல் வந்த நாடோடி மன்னன் அந்தக் காலத்தைத் தாண்டியாச்சு. 1977ல் எம்.ஜி.ஆரை ஜெயிக்க வைத்த அருப்புக்கோட்டையில் இதற்கு ஆள் குறையாது.

மாறுவதற்கு முன் ஆட்டோபேயை நிறுத்திடுங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வரும். விளம்பர மெசேஜ் என்று அழித்துவிடுகிறோமே, அதுக்குள்ளதான் அது கிடக்கும்.