மஞ்சப்பை சார், மஞ்சப்பை!

தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய், சமையலறைக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஓர் ஆணி. அதில் ஒரு பை. அந்தப் பைக்குள் ஒரு பை. அதற்குள் இன்னொன்று... எண்ணி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். கல்யாணத்தில் தேங்காயோடு வந்தது, தீபாவளிக்கு ஜவுளிக்கடை கொடுத்தது, யாரோ முறுக்கு போட்டுக் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்க மறந்தது. இவ்வளவு இருந்தும், ஆபீஸ் விட்டு வருகிற வழியில் அரைக்கிலோ தக்காளி வாங்கும்போது கையில் ஒன்று இருக்காது! பை சாஸ்திரத்தின் முதல் விதி இது.

மஞ்சப்பைக்கு நம் ஊரில் பெரிய சரித்திரம் உண்டு. வக்கீல் வீட்டுக்குப் போகிற பத்திரம், தரகர் கையிலிருந்த ஜாதகம், ஊரிலிருந்து வந்த நிலக்கடலை, எல்லாம் அதில்தான் பயணம் செய்தன. பாலிதீன் வந்ததும் மவுசு போயிற்று. கிராமத்து ஆசாமி பட்டணம் வருகிறான் என்று காட்ட வேண்டுமா? சினிமாவில் அவன் கக்கத்தில் ஒரு மஞ்சப்பையைச் சொருகி, ரயிலடியில் இறக்கிவிட்டார்கள். தியேட்டரே சிரித்தது. (காமர்ஸ் படித்தவர்களுக்கு மஞ்சளைப் பார்த்தால் இன்னொரு பயம். திவால் ஆனவன் கொடுப்பது 'மஞ்சக் கடுதாசி' அல்லவா!)

அப்புறம் சக்கரம் சுற்றியது. 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப்போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு தடை செய்தது. 2021 டிசம்பர் 23-ம் தேதி 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். 2022 ஜூனில் கோயம்பேடு மார்க்கெட்டில் ஒரு மெஷின் வைத்தார்கள். பத்து ரூபாய்க் காசு போட்டால் மஞ்சப்பை வரும்! சினிமாவில் சிரிக்கப்பட்ட பைக்கு இப்படி ஒரு மறுவாழ்வு.

சரி, துணிப்பை வாங்கிவிட்டோம், பூமி பிழைத்துக்கொண்டது என்று காலை நீட்டிப் படுத்துவிடலாமா? முடியாது. 2018-ல் டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கணக்குப் போட்டது. பருத்திக்கு விடும் தண்ணீர், உரம், பூச்சிமருந்து, நூற்பு, சாயம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பருத்திப் பை சாதாரண பிளாஸ்டிக் பையை ஜெயிக்க அதை எத்தனை முறை உபயோகிக்க வேண்டும்? 7,100 முறை. இயற்கை விவசாயப் பருத்தி என்றால் 20,000 முறை! தினமும் ஒருமுறை கடைக்கு எடுத்துப் போனாலும் முதலாவதற்குப் பத்தொன்பதரை வருஷம். இரண்டாவதற்கு ஏறக்குறைய ஐம்பத்தைந்து வருஷம். உங்கள் பேரன் ரிட்டயர் ஆகிற வயதில் லாபக் கணக்கு ஆரம்பிக்கும்.

பயந்துவிடாதீர்கள். வானிலையைக் கெடுக்கும் வாயுக்களை மட்டும் கணக்கில் எடுத்தால் சாதாரணப் பருத்திப் பைக்கு 52 முறை போதும் என்று அதே அறிக்கை சொல்கிறது. அதாவது வாரத்துக்கு ஒரு மார்க்கெட், ஒரு வருஷம். தவிர, சாக்கடை அடைப்பதையும் மாட்டு வயிற்றுக்குள் பிளாஸ்டிக் போவதையும் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. டென்மார்க்கில் குப்பையைச் சேகரித்து எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். இங்கே மழை பெய்தால் கால்வாய் எதைக் கக்குகிறது என்று நமக்குத் தெரியும். ஆகவே துணிப்பை கட்சிதான் நான். ஆனால் ஆணியில் தொங்கும் இருபது பை சேவை அல்ல சார், செத்த சரக்கு! அக்கவுண்ட்ஸ் பாஷையில் சொன்னால், ஓடாத மெஷின். அதை ஓடவைக்க வேண்டும்.

முதலில் ஆணியிலிருந்து இறக்கித் தரம் பிரியுங்கள். துணி மாதிரியே இருக்கும், துணி இல்லாத ஓர் ஆசாமி உண்டு. மெத்தென்று, கலர் கலராக, உற்றுப் பார்த்தால் புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் தெரியும். 'நான்-ஓவன்' என்பார்கள். சாட்சாத் பிளாஸ்டிக்! தடைப்பட்டியலில் இவரும் உண்டு. சந்தேகமாக இருந்தால் ஓர் இழையைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்து, நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். இவர் உருகிச் சுருண்டு முத்தாக உறைவார். இவரைச் செருப்பு சுற்றவும், கொலு பொம்மை கட்டிவைக்கவும் உபயோகியுங்கள். சூட்டுப் பக்கமும் சாப்பாட்டுப் பக்கமும் விடாதீர்கள்.

அடுத்து சாயம். மஞ்சப்பையின் மஞ்சள் முதல் தண்ணீரிலேயே இறங்கிவிடும். வெள்ளைச் சட்டையோடு சேர்த்து ஊறவைத்தால் மறுநாள் ஆபீஸுக்கு மாப்பிள்ளைக் கோலத்தில்தான் போக வேண்டும். தனியாக அலசுங்கள். சாப்பாட்டுச் சமாசாரங்களுக்குச் சாயமோ அச்சோ இல்லாத காடாத் துணிப் பைதான் சரி. நான்கை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

அந்த நான்கில் ஒன்று பயறு முளைகட்ட. ராத்திரி பாசிப்பயறை ஊறவைத்து, காலையில் நீரை வடித்து, ஈரப்பையில் போட்டு முடிந்து தொங்கவிட்டால், மறுநாளுக்குள் வெள்ளை மூக்கு நீட்டும். இன்னொன்று தயிர் வடிகட்ட. மூன்றாவது, கொத்தமல்லிக்கு. லேசாக ஈரமாக்கிய பைக்குள் சுருட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் பிளாஸ்டிக் கவரில் புழுங்கிக் கருக்கும் கட்டு, இதில் சில நாள் பச்சையாகவே இருக்கும். நான்காவதுதான் என் செல்லம். முருங்கைக்கீரை ஆய்ந்திருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை டி.வி. முன்னால் உட்காரவைத்து, 'சும்மாதானே இருக்கீங்க...' என்று ஒரு முறத்தை மடியில் வைப்பார்களே, அதேதான். கீரையைக் காம்போடு பைக்குள் அடைத்து, இறுக்கிக் கட்டி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் உதறினால் இலை தானாக உதிரும். காம்பைப் பொறுக்கி எறிய வேண்டியதுதான். முறம் வேறு யார் மடிக்காவது போகட்டும்!

தடித்த பருத்திப் பைக்கு வைத்திய உபயோகம் ஒன்று உண்டு. எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தோள்பட்டை பிடித்துக்கொண்டவர்கள் கவனிக்கவும். கல் உப்பை வெறும் வாணலியில் சூடாக வறுத்து, பைக்குள் பை போட்டு இரண்டு மடிப்பாக்கி, அதில் கொட்டி முடிந்து, ஒத்தடம். முதலில் புறங்கையில் தொட்டுச் சூடு பாருங்கள். ('நான்-ஓவன்' பையில் இதைச் செய்தால் ஒத்தடம் சூடாகவே ஒட்டிக்கொள்ளும். முன்பே எச்சரித்துவிட்டேன்.)

இனி ஊசி. ஆண்பிள்ளைக்கு ஊசி எதற்கு என்று மீசை முறுக்குகிறவர்கள் அடுத்த பாராவுக்குத் தாண்டிவிடலாம். அவர்கள் பை காதறுந்து நடுரோட்டில் வெங்காயம் உருளும்போது நினைத்துக்கொள்வார்கள். பையில் முதலில் சாவது காதுதான். கைப்பிடி பையோடு சேருமிடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான். ஓட்டுத் தையல் போதாது, ஒரு அடி முன்னே அரை அடி பின்னே என்று பின்தையல் போடுங்கள். அடுத்தது அடிப்பாகம். பையை உள்பக்கம் திருப்பி, இரண்டு கீழ் மூலைகளையும் முக்கோணமாகப் பிடித்து, மூலையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிக் குறுக்கே தைத்தால், தட்டையான பை பெட்டி மாதிரி உட்காரும். டிபன் கேரியர் சாயாது. சாம்பார் ஃபைல்மேல் கையெழுத்துப் போடாது.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருக்கும் நண்பர் ஒருவர் இந்தக் கலையில் டாக்டர் பட்டமே வாங்கலாம். எட்டுக்குப் பத்து அறை, மூன்று பேர், பீரோ கிடையாது. ஒரு பழைய திரைச்சீலைக் கம்பியைச் சுவரில் மாட்டி, அதில் வரிசையாக ஆறு கல்யாணப் பை. ஒன்றில் சாக்ஸ், ஒன்றில் சார்ஜர்கள், ஒன்றில் ஷேவிங் சாமான், ஒன்றில் கரன்ட் பில்லும் பத்திரங்களும்... "ரேவதி வெட்ஸ் சீனிவாசன்ல என் பனியன் இருக்கு, எடுத்துக் குடு மச்சான்" என்று அவர் சொல்வதைக் கேட்டுப் புதிதாக வந்த ரூம்மேட் மிரண்டுபோனார். ஊருக்குப் போகும்போது துவைத்த துணிகளை ஒரு பையில் அடைத்து வாயைத் தைத்தால் அதுவே தலையணை. பஸ் ஜன்னல் வழியாக எறிந்து சீட் பிடிக்கவும் அதேதான். (சீட் சண்டை வந்தால் நான் பொறுப்பல்ல.)

இன்னும் சில. பையை மூன்று பக்கம் பிரித்தால் ஒரு நல்ல துணி. இரண்டை அடுக்கி நடுவில் பழைய டவல் வைத்துத் தைத்தால் குக்கர் பிடிக்கும் கைத்துணி. நாலைந்து சேர்த்தால் கால்மிதி. ஆனால் வெட்டுமுன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம். "ஐயோ, அது எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணப் பைங்க! ஒங்க மாமா மகன் பையைக் கிழிங்களேன்!" என்று ஒரு குரல் வரலாம். துணிப்பைக்கும் கட்சி உண்டு.

கட்டைப்பைக்கு வருகிறேன். பெரிய ஜவுளிக்கடைக்காரர்கள் தரும் அந்தப் பிரம்மாண்டம். தமிழன் கண்ட கைப்பிடிகளிலேயே உறுதியானது அதன் கட்டைதான். பழைய பேப்பர் போடவும், மோட்டார் ரிப்பேர் ஸ்பேனர்கள் வைக்கவும் இதைவிட நல்லது கிடையாது. பை கிழிந்தாலும் கட்டைகளை எறியாதீர்கள். பழைய வேட்டியையோ ஜீன்ஸ் காலையோ கோத்துத் தைத்தால் அடுத்த அவதாரம் ரெடி.

இதெல்லாம் சரி, ஆபீஸுக்கு மஞ்சப்பையோடு போவதா என்கிறீர்களா? வெட்கம்தான் விஷயமே. அந்த வெட்கத்துக்கு நாம் விலை கொடுக்கிறோம். பில் கவுன்ட்டரில் "பை வேணுமா சார்?" என்று ஒரு பெண் கேட்டதும், பின்னால் நிற்கிறவர்கள் பார்க்கிறார்களே என்று தலையாட்டிவிடுகிறோம். பில்லின் கடைசி வரியில் அது விழுகிறது. 2019-ல் சண்டிகரில் ஒருவர் தலையாட்டவில்லை. செருப்பு வாங்கிய கடையில், கடையின் பெயர் அச்சிட்ட காகிதப் பைக்கு மூன்று ரூபாய் போட்டார்கள். 'உங்கள் விளம்பரத்தைச் சுமக்க நான் காசு தர வேண்டுமா?' என்று நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மன்றம் கடைக்கு விதித்தது மொத்தம் 9,000 ரூபாய். எல்லோராலும் கேஸ் போட முடியாது. பை எடுத்துப் போகலாம்.

எடுத்துப் போக ஒரு வழி: பையை நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். கீழ் முனையிலிருந்து சமோசா மடிப்பதுபோல் முக்கோணம் முக்கோணமாக மேலே கொண்டுபோய், கடைசியில் கைப்பிடியை மடிப்புக்குள் சொருகினால் உள்ளங்கை அளவு. ஒன்று லேப்டாப் பையின் ஓர அறையில், ஒன்று பைக் சீட்டுக்கு அடியில். வீட்டுக்கு வந்து காய்கறியைக் கொட்டியவுடன் மறுபடி மடித்து ஹெல்மெட்டுக்குள் போட்டுவிடுங்கள். ஆணிக்குப் போனால் திரும்பி வராது.