மாணாக்கர் பரிமாற்றமும் இணையவழிக் கல்வியும்

கல்வியின்பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லுதல் பண்டுதொட்டு வரும் வழக்கமாகும். ஒரு நூலைப் பாடங்கேட்கும் பொருட்டுப் பல காத தூரம் நடந்து, ஆசிரியர் இருக்குமூரிற் பல்லாண்டு தங்கியவர் நம் நாட்டிலும் பலர். ஐரோப்பா கண்டத்தில் ராட்டர்டாம் நகரத்து இராஸ்மஸ் என்னும் பேரறிஞர் பாரிஸிற் பயின்றார். 1506-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்துத் தூரின் நகரிற் பட்டம் பெற்றார். இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜிற் கற்பித்தார். 1536-ஆம் ஆண்டிற் பேசல் நகரில் உயிர் நீத்தார். அவர் பெயரை நினைவூட்டும் ‘இராஸ்மஸ்’ திட்டம் ஐரோப்பாவில் 1987-ஆம் ஆண்டிற் றொடங்கிற்று. அவ்வாண்டில் 11 தேசங்களைச் சேர்ந்த 3,244 மாணாக்கர் அதன்வழி அயல்நாட்டுச் சர்வகலாசாலைகளிற் பயின்றனர். இன்று அது பல நூறாயிரம் பேர் பயன்பெறும் பெருந்திட்டமாக வளர்ந்துள்ளது.

முழுப் பட்டத்தையும் அயல்நாட்டிற் பெறச் செல்லுதல் வேறு, பரிமாற்றம் வேறு. பரிமாற்ற மாணாக்கர் தம் சொந்தக் கலாசாலையிற் பதிவு நீங்காதவராகவே ஒரு பருவமோ ஓராண்டோ பிறிதொரு சர்வகலாசாலையிற் பயின்று மீளுவர். இராஸ்மஸ் திட்டத்தில் ஏற்கும் சர்வகலாசாலை அவரிடம் பாடக் கட்டணம் பெறுவதில்லை. புறப்படுமுன் மாணாக்கரும், அனுப்புவோரும், ஏற்போருமாகிய மூவரும் கற்றல் உடன்படிக்கை ஒன்றிற் கையொப்பமிடுவர். இன்ன பாடங்களை அங்கே கற்றால் இங்கே இன்ன பாடங்களுக்கு ஈடாகக் கொள்ளப்படும் என்பதே அதன் சாரம்.

இவ்வீட்டை அளப்பதற்கு ‘கிரெடிட்’ என வழங்கும் மதிப்பலகு பயன்படுகின்றது. ஐரோப்பிய முறையில் ஓராண்டின் முழுப் படிப்பு 60 மதிப்பலகுகளாகும். ஒரு மதிப்பலகு 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். விரிவுரை கேட்கும் நேரம் மாத்திரமன்றி, நூல் படித்தல், கட்டுரை வரைதல், பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும்.

இத்துணை நன்மை பயக்கும் ஏற்பாட்டால் எல்லா மாணாக்கரும் பயனடைகின்றனரோ எனின், இல்லை. பாடக் கட்டணம் இல்லையாயினும் பயணச் செலவும், விடுதி வாடகையும், உணவுச் செலவும் உள. படித்துக்கொண்டே உழைத்துக் குடும்பத்தைத் தாங்குவோர், பிணியுற்ற பெற்றோரைப் பேணுவோர், உடற்குறையாற் பயணஞ் செய்ய இயலாதோர், விசா கிடைக்கப் பெறாதோர் ஆகிய பலரும் ஒதுங்கி நிற்கின்றனர். இவர்களுக்கு இணையவழிப் பாடம் ஓர் வாயிலாகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தூரத்திலிருந்தே கற்றல் புதிதன்று. லண்டன் சர்வகலாசாலை 1858-ஆம் ஆண்டு முதலே, தன் கலாசாலைகளிற் சேர்ந்து பயிலாதோரையும் பட்டப் பரீட்சைகளுக்கு அனுமதித்தது. இங்கிலாந்தின் திறந்த சர்வகலாசாலை 1971-ஆம் ஆண்டில் தன் முதல் மாணாக்கரை ஏற்று, தபாலும் வானொலியும் தொலைக்காட்சியும் வாயிலாகக் கற்பித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடக்குறிப்புகளை இணையத்தில் இலவசமாக வெளியிடப்போவதாக 2001-ஆம் ஆண்டில் அறிவித்தது. ஸ்டான்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஸெபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் என்பவருடன் சேர்ந்து 2011-ஆம் ஆண்டில் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்திற்கு ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர்.

இவை யாவும் போற்றத்தக்கனவே. ஆயினும் இவற்றைப் பரிமாற்றம் என்றல் பொருந்தாது. பரிமாற்றமென்பது இருபாலும் கொடுத்தும் கொண்டும் நிகழ்வது. இங்கோ ஒருவர் பேச உலகம் கேட்கின்றது. கேட்போர் ஒருவரையொருவர் அறிவதற்கு இன்றியமையாத ஏற்பாடு யாதுமில்லை. தூரதேசத்துப் பேராசிரியரின் விரிவுரையைத் தன் அறையிலிருந்து கேட்கும் மாணாக்கன் அறிவு பெறுகிறான் என்பதில் ஐயமில்லை. பிற நாட்டாரைப் பெற்றானல்லன்.

இனி, பரிமாற்றத்தின்பொருட்டே இணையம் பயன்படும் முறைகளை நோக்குவாம். அவை மூன்றாக வகுக்கத்தக்கன.

முதலாவது, பயணத்திற்கு முன்னோடியாக அமைவது. செல்லும் நாட்டின் மொழியைப் புறப்படுமுன்னரே பயிலும்பொருட்டு இராஸ்மஸ் திட்டம் 2014-ஆம் ஆண்டு முதல் இணையவழி மொழிப் பயிற்சி அளித்து வருகின்றது. இஃது எளிய உதவியே எனினும், முதல் வாரத்தின் திகைப்பைப் பெரிதும் தணிக்கும்.

இரண்டாவது, பயணத்திற்குப் பதிலாகவோ அதனுடன் கலந்தோ அமைவது. 2020-ஆம் ஆண்டிற் கொரோனா தொற்று பரவியபோது, அயல்நாடு சென்றிருந்த மாணாக்கர் பலர் வீடு திரும்பித் தம் கணினி வாயிலாகவே அவ்வாண்டுப் படிப்பை முடித்தனர். இடரினாற் கற்ற பாடம் பின்னர் ஏற்பாடாயிற்று. 2021-ஆம் ஆண்டிற் றொடங்கிய இராஸ்மஸ் திட்டக் காலத்தில், 5 முதல் 30 நாள் வரை நேரிற் கூடியும், எஞ்சிய பகுதியை இணையத்திற் பயின்றும் முடிக்கும் குறுகிய பாடங்கள் இடம்பெற்றன. ஒரு பருவம் முழுதும் வீடு நீங்க இயலாதவரும் பத்து நாள் நீங்குதல் கூடும் அன்றோ?

மூன்றாவதே நம் கருத்தை மிகுதியும் கவர்வது. நியூயார்க் மாகாண சர்வகலாசாலை இதற்கென 2006-ஆம் ஆண்டில் ஓர் நிலையம் நிறுவியது. இம்முறையில் இரு நாட்டு ஆசிரியர் இருவர் தத்தம் வகுப்புகளைச் சில வாரங்கள் இணைத்து நடத்துவர். மாணாக்கர் முதற்கண் ஒருவரையொருவர் அறிமுகஞ் செய்துகொள்வர். பின்னர்ச் சிறு குழுக்களாய்ப் பிரிந்து, இரு நாட்டவரும் கலந்து ஒரு வேலையை முடிப்பர். இறுதியில் தாம் கற்றது யாதென எழுதுவர். ஒவ்வொருவரும் தம் கலாசாலையிலேயே கட்டணஞ் செலுத்தி, அங்கேயே மதிப்பலகும் பெறுவராதலின், அயலார் அளித்த மதிப்பலகு இங்குச் செல்லுமோ என்னும் வழக்கு எழுவதில்லை.

நெதர்லாந்து தேசத்து வகுப்பொன்றும் தமிழ்நாட்டு வகுப்பொன்றும் நீர் மேலாண்மை குறித்துக் கூடிப் பயில்கின்றன எனக் கொள்வோம். கடல்மட்டத்திற்குத் தாழ்ந்த நிலத்தில் வாழும் டச்சு மாணாக்கனுக்குக் கரை என்பது நீரைப் புகவிடாது தடுப்பது. ஏரிப் பாசனம் கண்ட நம் மாணாக்கனுக்கோ கரை என்பது நீரைப் போகவிடாது காப்பது. ஒரே சொல்லை இருவரும் வழங்கி, முதல் நாளில் ஒருவரையொருவர் விளங்காது மயங்குவர். அம்மயக்கம் தெளியும் கணத்தில் இருவரும் தத்தம் நாட்டையே புதிதாய்க் காண்பர். எத்துணைச் சிறந்த விரிவுரையும் இதனை அளித்தல் அரிது.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. முதலாவது கடிகாரம். நியூயார்க்கிற் காலை 9 மணிக்குத் தொடங்கும் வகுப்பு, அவர்தம் கோடைகாலத்தில் நமக்கு மாலை 6-30 மணியாகும். நவம்பர் மாதத்தில் அவர்கள் கடிகாரத்தைப் பின்வைத்தபின் அதே வகுப்பு நமக்கு இரவு 7-30 மணியாகிவிடும். இதனை அறியாதவர் ஒரு மணி முன்னதாக வந்து வெறுந்திரையை நோக்கிக் காத்திருப்பர். இரண்டாவது, கருவியும் இணைப்பும். வீட்டிற் கணினியில்லாதவருக்கும், தனியறை இல்லாதவருக்கும், மின்சாரம் தடைப்படும் ஊரினருக்கும் இவ்வாயில் பாதியே திறந்துள்ளது. எவருக்கு உதவ எண்ணினோமோ அவரே மீண்டும் வெளியில் நிற்க நேரிடும்.

மூன்றாவது சட்டம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாணவர் விசா பெற்றுச் சர்வகலாசாலையிற் பயில்வோர், ஒரு பருவத்தின் முழுப் படிப்புக் கணக்கில் ஓர் இணையவழிப் பாடத்தையே சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. தொற்றுக் காலத்தில் இவ்விதி தளர்த்தப்பட்டது. பின்னர், 2020-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், பாடம் முழுதையும் இணையத்திற் பயிலும் அயல்நாட்டு மாணாக்கர் அந்நாட்டில் தங்கலாகாது என்று அரசாங்கத்தார் அறிவித்தனர். ஹார்வர்டு சர்வகலாசாலையும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் வழக்குத் தொடுத்தன. ஜூலை 14-ஆம் நாள் அவ்வறிவிப்பு மீட்டுக்கொள்ளப்பட்டது. அந்த எட்டு நாட்களில் எத்துணை மாணாக்கர் உறக்கமின்றித் தவித்தனரோ! இணையத்திற் கற்பது எளிதாயினும், கற்பவன் எந்நாட்டில் இருக்கலாம் என்பதை நிர்ணயிப்பது இணையமன்று என்பதற்கு இஃது ஓர் சான்று.

ஆகலின், இத்தகைய பாடங்களில் விருப்பமுடைய நம் கலாசாலை நண்பர்கள் பெயரைப் பதியுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டு விடை பெறுதல் நலம். இப்பாடத்திற்கு நம் கலாசாலை மதிப்பலகு அளிக்குமா? அளிக்குமாயின் அதனை எழுத்தில் முன்னரே தருமா? பரீட்சை எவ்வாறு, நம் நேரத்தில் எப்பொழுது நடைபெறும்? பிற நாட்டு மாணாக்கருடன் கூடிச் செய்யும் வேலை யாதேனும் அதில் உண்டா? முதல் மூன்றிற்கும் விடை இல்லையேல் உழைப்பு வீணாதல் கூடும். நான்காவதற்கு விடை இல்லையேல், நற்பாடமொன்று கிடைத்ததென மகிழலாம்; பரிமாற்றம் கிடைத்ததென எண்ணற்க.

கடல் கடந்து சென்று, அயலார் வீட்டிலுண்டு, அவர்தம் தெருவில் வழிதவறி, அவர் மொழியிற் பிழைபடப் பேசி நகைக்கப்பட்டுக் கற்கும் கல்விக்கு முற்றும் ஈடானது வேறில்லை. செல்ல வல்லவர் செல்க. செல்ல இயலாதவர்க்கு இணையம் ஒரு சாளரத்தைத் திறந்துள்ளது. சாளரத்தின் வழியே காட்சியை மாத்திரம் நோக்கியிராமல், அப்புறத்தில் நிற்பவரை அழைத்து ஒரு வேலையைக் கூடிச் செய்யுமாறு நம் ஆசிரியர்களும் மாணாக்கரும் முயல்வாராயின், பயணச் செலவு அளிக்க இயலாத ஏழை மாணாக்கனும் உலகத்தோடு உடன் கற்பவனாவான் என்பது எமது துணிபு.