தொலைநோக்கிக்கு இடைநிலைக் கண்ணருகு வில்லை

150 மி.மீ. ஆடியுள்ள பள்ளித் தொலைநோக்கி ஒன்றின் குவியத் தூரம் 1200 மி.மீ. என்க. அதனுடன் வரும் 25, 10 மி.மீ. கண்ணருகு வில்லைகள் முறையே 48, 120 மடங்கு உருப்பெருக்கம் தருவன. மூன்றாவதற்குப் பணம் கிடைத்ததும் 4 மி.மீ. வில்லையை நாடுவோர் உளர். 300 மடங்கில் காற்றின் அலைவும் உடன்பெருகுதலின், பெரும்பாலான இரவுகளில் வியாழன் கலங்கிய வட்டமாகவே தோன்றும். உண்மையான குறை நடுவில்தான் உள்ளது.

10 மி.மீ. வில்லையின் தோற்றப் புலம் 50 பாகையாயின், அதனை 120ஆல் வகுக்க, வானில் 0.42 பாகையே புலப்படும். ஏறத்தாழ அரைப் பாகை அகலமுள்ள முழுமதி அதில் அடங்காது. அதே தோற்றப் புலமுடைய 16 மி.மீ. வில்லை 75 மடங்கு பெருக்கி 0.67 பாகை காட்டும். மதி முழுதும் தெரியும். மோட்டார் பூட்டாத கருவியில், வான நடுக்கோட்டருகேயுள்ள விண்மீன் இப்புலத்தைக் கடக்க 160 விநாடி ஆகும், 10 மி.மீ. வில்லையிலோ 100 விநாடியே. மாணவர் வரிசையில் காத்து நிற்கையில் இந்த ஒரு நிமிடம் பெரிது. 15 அல்லது 17 மி.மீ. கிடைப்பினும் தயங்காது வாங்கலாம்.