கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு வேறு

தம்மம்பட்டியில் தமிழ்வழி பயிலும் மாணவி கணிப்பொறிக்கு ஆணையிட ஆங்கிலம் வேண்டுமா? வேண்டியதில்லை என்கிறது 'எழில்'. முத்தையா அண்ணாமலை 2007-இல் உருவாக்கிய இத்தமிழ் நிரல்மொழியின் மூலநிரலை எவரும் திறந்து பார்க்கலாம்.

'பதிப்பி' என்றால் திரையில் காட்டும். 'பின்கொடு' என்றால் விடையைத் திருப்பித் தரும். நிபந்தனையை முன்னும் 'ஆனால்' என்பதைப் பின்னும் வைத்தது தமிழின் இயல்பறிந்த செயல். தொடங்கிய பகுதியை 'முடி' என்று மூடாவிட்டால் நிரல் ஓடாது. புதியவர் முதலில் தேட வேண்டிய பிழை இதுவே.

இன்னொரு பிழை கண்ணில் படாது. 'பின்கொடு' என்பதில் வரும் 'கொ'வைக் கவனியுங்கள். ஒருங்குறியில் அதன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். திரையில் வேறுபாடே தெரியாது. எண்களையே ஒப்பிடும் கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள்! நிரல் காரணமின்றி மறுத்தால் அச்சொல்லை அழித்து, ஒகரத்தைத் தனி விசையால் இடும் தமிழ்99 முறையில் மீண்டும் தட்டிப் பாருங்கள்.