பெருவிரல் நோயும் இருவகை மருந்தும்

மூட்டுக்களைப் பற்றும் நோய்கள் பலவற்றுள்ளும், வந்த இடத்தாலும் வந்த வேளையாலுமே தன்னை அறிவிக்கும் நோய் ஒன்றுண்டு. இரவு நலமே படுக்கைக்குச் சென்றவர் நள்ளிரவு கடந்தபின் காற்பெருவிரலின் அடிமூட்டில் தீப்பட்டது போன்ற வேதனையோடு விழிக்கின்றார். விடியுமுன் மூட்டுச் சிவந்து வீங்கி, போர்வையின் தொடுகையையும் பொறாததாகின்றது. பின்னர் ஒன்றிரண்டு வாரங்களில், மருந்துண்டாலும் உண்ணாவிடினும், வலி அடங்கிவிடுகின்றது. ஆங்கிலத்திற் ‘கவுட்’ என வழங்கும் இந்நோயை நம்மவர் வாதம் என்னும் பொதுப்பெயருள் அடக்கிப் பேசுவர். இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருள் நாற்பதைக் கடந்த ஆடவர் பலராதலின், இதன் மருந்துகளைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் பொருந்துமென எண்ணுகின்றோம். வலி தானே அடங்கிவிடுதலே இந்நோயின் பெரிய வஞ்சனை என்பது நாம் சொல்ல வந்த பொருள்.

நம் உடலின் கலங்கள் ஓயாது அழிந்தும் புதுப்பிக்கப்பட்டும் வருகின்றன. அவற்றின் கருவிலும் நாம் உண்ணும் புலாலிலும் உள்ள பியூரீன் என்னும் பொருள்கள் சிதைந்து முடிவில் யூரிக்கமிலமாகின்றன. ஏனைய பாலூட்டிகளுட் பெரும்பாலானவை யூரிக்கேசு என்னும் நொதியத்தால் அதனை எளிதிற் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். மனிதனும் அவனுக்கு நெருங்கிய வாலில்லாக் குரங்குகளும் அந்நொதியத்தைக் கூர்ப்பின் வழியில் இழந்துவிட்டன. ஆகவே யூரிக்கமிலத்தை நாம் கழித்தே தீரவேண்டும். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு சிறுநீரகத்தின் வழியாகவும், எஞ்சியது குடலின் வழியாகவும் வெளியேறுகின்றது. பெரும்பாலான நோயாளரிடத்துக் குறை, அமிலம் மிகுதியாக உண்டாதலில் அன்று. சிறுநீரகம் அதனைப் போதியளவு கழியாமையிலேயே உள்ளது.

மேல் நிகழ்வதை ஆனையிறவு உப்பளத்தைக் கண்டோர்க்கு விளக்குதல் எளிது. பாத்தியிலுள்ள நீர் வற்ற வற்ற உப்பின் செறிவு ஏறி, ஓர் எல்லையைக் கடந்ததும் பளிங்குகள் படியத் தொடங்கும். குருதியில் யூரிக்கமிலத்துக்கு அவ்வெல்லை தெசிலீற்றருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம். அதற்கு மேற்பட்டு ஆண்டுக்கணக்கில் நிற்பின், ஊசி போன்ற நுண்பளிங்குகள் மூட்டுக்களிற் படியலாம். குளிர்ந்த இடத்திற் கரைதிறன் குறைவாதலின், உடலின் கடைக்கோடியிலுள்ள பெருவிரல் முதலிற் பற்றப்படுவதில் வியப்பில்லை. நோயாளரின் குருதியில் இவ்வமிலம் மிகுந்திருப்பதை 1848 இல் இலண்டன் வைத்தியர் கரொட் காட்டினார். 1961 இல் அமெரிக்க வைத்தியர்களாகிய மக்காட்டியும் ஹொலாண்டரும் மூட்டுநீரிற் பளிங்குகளையே முனைவாக்கிய ஒளியிற் கண்டனர்.

இப்பளிங்குகளைப் பகையென எண்ணி வெண்குருதிக் கலங்கள் பாய்ந்து பொருவதே வலியாக நமக்குத் தோன்றுகின்றது. ஆகவே மருந்தும் இருவகைப்படும். ஒன்று அப்போரை அமர்த்துவது. மற்றையது பளிங்குகளையே கரைத்து அகற்றுவது. முன்னையது நோயைத் தீர்ப்பதன்று. பின்னையது வலியைத் தணிப்பதன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதலாலேயே கேடுகள் பல விளைகின்றன.

போரை அமர்த்துவனவற்றுட் பழமையானது கொல்சிசின். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்திற் பூக்கும் கொல்கிக்கம் என்னும் செடி இதற்கு மூலம். கி. பி. ஆறாம் நூற்றாண்டிலேயே திராலெசு நகரத்து அலெக்சாந்தர் என்னும் வைத்தியர் அதனை மூட்டு நோய்க்குக் கையாண்டார். 1820 இல் பிரான்சு நாட்டுப் பெல்த்தியேயும் கவந்தூவும் அதன் சத்தைப் பிரித்தெடுத்தனர். நமக்கு அணித்தான செய்தியொன்றும் உண்டு. சங்கப் புலவர் காந்தளெனப் பாடியதும், நம் வேலிகளிற் படர்ந்து பூப்பதுமான கார்த்திகைப் பூச்செடி அதே நஞ்சைத் தன் கிழங்கிலும் விதையிலும் உடையது. தமிழ்நாட்டில் விதைக்காகவே அது பயிரிடப்படுகின்றது. ஆயின் கிழங்கைக் கொண்டு வீட்டு வைத்தியஞ் செய்ய எவரும் துணிதல் கூடாது. இம்மருந்தில் நலஞ்செய்யும் அளவுக்கும் உயிர்குடிக்கும் அளவுக்கும் இடைவெளி சிறிது. ஒரு கிழங்கில் எவ்வளவு உண்டென்பதைக் கண்ணும் நாவும் அறியா. இந்நாட்டு வைத்தியசாலைகள் இக்கிழங்கினால் நேர்ந்த மரணங்களைக் கண்டுள்ளன.

குளிகையாக உண்ணும்போதும் அளவே முதன்மையானது. வலி தணியும் வரை, அன்றேல் வயிற்றோட்டம் தொடங்கும் வரை, மணிக்கணக்கிற் கொடுத்துவருதல் முற்கால வழக்கம். 2010 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று இவ்வழக்கத்துக்கு முடிவு கட்டிற்று. ஒரு மணி நேரத்துள் மொத்தம் 1.8 மில்லிகிராம் பெற்றவர்கள், ஆறு மணி நேரத்துள் 4.8 மில்லிகிராம் பெற்றவர்களை ஒத்தே தேறினர். வயிற்றோட்டமோ முன்னவர்க்கு மிகக் குறைவு. வலி தோன்றிய சின்னேரத்துள் உண்பதே பயன்றரும். கிளாறித்திறோமைசின் என்னும் நுண்ணுயிர்கொல்லியோடு சேர்த்துண்பின் கொல்சிசின் உடலிற் தேங்கி நஞ்சாகும் என்பதையும் நினைவிற் கொள்க. நப்பிறொக்சென் போன்ற வலிநீக்கிகளும் பயன்படுவனவே. ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் குறை, இருதயத் தளர்ச்சி உடையார்க்கு அவை ஆகா. அன்னார்க்குச் சில நாட்களுக்கு மட்டும் பிறெட்னிசொலோன் கொடுப்பதுண்டு.

இனி இரண்டாம் வகை. இதன் வரலாறு மாணவர்க்கு மிகவும் சுவைதருவது. நியூயோர்க் பகுதியிலிருந்த வெல்கம் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் ஹிச்சிங்சும் கேர்ற்றூட் எலியனும் குருதிப் புற்றுநோய்க்கு மேக்கப்தொபியூரீன் என்னும் மருந்தை ஆக்கினர். அதனை உடலிலுள்ள சாந்தீன் ஒட்சிடேசு என்னும் நொதியம் விரைந்து சிதைத்தது. அந்நொதியத்தைத் தடுக்கும் பொருளொன்றைத் தேடியபோது கிடைத்ததே அலோபியூரினோல். பியூரீனைப் போன்ற வடிவுடைய அது நொதியத்தை ஏமாற்றிப் பிணித்துவிடுகின்றது. யூரிக்கமிலத்தை ஆக்குவதும் அதே நொதியமாதலின், மருந்துண்டவரிடத்து அவ்வமிலமும் வீழ்ந்தது. 1966 இல் அமெரிக்காவிற் கவுட் நோய்க்கு அனுமதி பெற்ற இம்மருந்தே இன்றும் முதலிடம் வகிக்கின்றது. எலியன் அம்மையார் சில காலம் பாடசாலையில் இரசாயனமும் பௌதிகமும் கற்பித்தவர். கலாநிதிப் பட்டத்துக்கான கல்வியை முடிக்காதவர். 1988 இல் அவரும் ஹிச்சிங்சும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இம்மருந்தை உண்போர் இடறும் இடம் ஒன்றுண்டு. ஒருவர் வலி தீர்ந்தபின் அலோபியூரினோல் தொடங்குகின்றார் எனக் கொள்வோம். மூன்றாம் வாரத்தில் மறுகாற் பெருவிரலும் வீங்குகின்றது. “மருந்தே நோயைக் கிளப்பிவிட்டது” என்று வெகுண்டு குளிகைகளை எறிந்துவிடுகின்றார். உண்மையில் நிகழ்ந்தது என்ன? உப்புக் குவியலில் மழை பெய்தாற்போலப் படிந்த பளிங்குகள் கரைந்து குலைகின்றன. குலைந்தவற்றின் மேற் கலங்கள் மீண்டும் பாய்கின்றன. அஃதாவது மருந்து வேலை செய்கின்றது. இதனை முன்னறிந்தே வைத்தியர் நாளொன்றுக்கு 100 மில்லிகிராம், சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு அதனினும் குறைவு, எனத் தொடங்கிச் சில வாரங்களுக்கொருமுறை சிறிது சிறிதாக உயர்த்துவர். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குச் சிறிதளவு கொல்சிசினையும் காவலாகச் சேர்ப்பர். இலக்கு, குருதியில் யூரிக்கமிலம் 6 மில்லிகிராமுக்குக் கீழாதல். வேறு அலகிற் கூறும் ஆய்வுகூடங்களில் அது 360 மைக்கிரோமோல். 300 மில்லிகிராம் அலோபியூரினோலோடு நின்றுவிடுதல் நெடுங்கால வழக்கமாயினும், பலர்க்கு அது போதுவதில்லை.

2018 இல் வெளியான நொற்றிங்காம் ஆய்வு இதற்குச் சான்று. அங்கே தாதியர் நோயின் இயல்பை நோயாளர்க்கு ஆறுதலாக விளக்கி, குருதியைச் சோதித்து, மருந்தளவை உயர்த்திவந்தனர். இரண்டு ஆண்டு முடிவில் அவருள் 100க்கு 95 பேர் இலக்கை எய்தினர். வழக்கமான வைத்தியம் பெற்றோருள் எய்தியோர் 100க்கு 30 பேர். மருந்து இரு சாராருக்கும் கிடைக்கக்கூடியதே. விளக்கமும் தொடர்ச்சியுமே வேறுபட்டன.

அலோபியூரினோல் உண்ணத் தொடங்கிய முதன் மாதங்களில் தோலில் தடிப்போ, வாயிற் புண்ணோ, காய்ச்சலோ தோன்றின் உடனே நிறுத்தி வைத்தியரை அடைதல் வேண்டும். அரிதாயினும் உயிராபத்தான தாக்கம் அது. சீனர், தாய்லாந்தினர், கொரியர் ஆகியோரிடையே மிகுந்து காணப்படும் மரபணுக் கூறொன்று இத்தாக்கத்துக்கு ஏதுவாவதை 2005 இல் தாய்வான் அறிஞர் கண்டனர். சிறுநீரகம் மாற்றப்பெற்று அசதையோப்பிறீன் உண்போர் இன்னும் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். அம்மருந்தைச் சிதைப்பதும் இதே நொதியமாதலின், இரண்டுஞ் சேரின் என்பு மச்சை ஒடுங்கிவிடும். இம்மருந்து ஒவ்வாதார்க்குப் பெபுக்சோசுற்றாற் உண்டு. சிறுநீரின் வழி அமிலத்தைப் போக்கும் புறோபெனசிட்டும் உண்டு. பின்னது பெனிசிலின் உடலில் நின்று நிலைக்கும்படி ஆக்கப்பட்டுப் பின் இவ்வழிக்கு வந்தது.

உணவைப் பற்றிப் பலரும் வினவுவர். 47,150 ஆடவரைப் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து நோக்கி 2004 இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, இறைச்சியும் கடலுணவும் நோயை மிகுவிப்பதையும், பாலுணவு குறைப்பதையும், பியூரீன் செறிந்த மரக்கறிகள் கேடு செய்யாமையையும் காட்டிற்று. ஆகவே பருப்பையும் பயற்றையும் அஞ்சி ஒதுக்குதல் வீண். நண்டும் இறாலும் மிதக்கும் ஒடியற்கூழைக் குறைத்துண்பது நன்றே. ஆயினும் பத்தியத்தால் மட்டும் அமிலம் சிறிதே குறையுமாதலின், நோயாளரைப் பெருந்தீனிக்காரரென நகைப்பது அறியாமை.

யூரிக்கமிலம் மிகுந்தோர் யாவரும் நோயாளர் அல்லர் என்பதையுஞ் சொல்லல் வேண்டும். அவருட் பெரும்பாலோர்க்கு மூட்டு வலி வருவதேயில்லை. அத்தகையோர்க்கு இம்மருந்து தொடங்க வேண்டாமென்றே 2020 இல் அமெரிக்க வாதநோய் வைத்தியர் கல்லூரி அறிவுறுத்தியது. ஆண்டுச் சோதனையில் 7.5 என்னும் எண்ணைக் கண்டு கலங்குபவர் செய்யத்தக்கன, பியரைக் கைவிடுதலும், உடற்பாரத்தைக் குறைத்தலும், குருதியமுக்கத்துக்காகத் தாம் உண்பவற்றுள் யூரிக்கமிலத்தை உயர்த்தும் நீர்போக்கி மருந்து உளதோவென வைத்தியரை வினவுதலுமேயாம்.